மலிவு

“விக்கவா சார்?” என்று டீலர் ஜெரால்டு கேட்டுக் கொஞ்ச நேரமாகிவிட்டது. வேலாயுதபெருமாளுக்கு அது காதில் விழவில்லை என்று நினைத்துவிட வேண்டாம், காது நல்ல காதுதான். கேள்வி உள்ளே போய் ஒரு மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு எழுந்திருப்பேனா என்கிறது. மத்தியானம் தின்ற எலுமிச்சம்பழச் சாதம் வேறு நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவே நின்றுகொண்டு, முதலில் எனக்கு வழி விடு என்கிறது. நுங்கம்பாக்கத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடம், அதில் ஐந்தாவது மாடி, அதில் பங்கு வாங்கவும் விற்கவும் என்று தனியாக ஓர் அறை. வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது, இங்கே ஏசியில் விரல் நுனி மரத்துப்போகிறது. திரை திரையாக எண்கள் பச்சையும் சிவப்புமாக மினுங்குகின்றன. ஊரிலுள்ள கம்பெனி எல்லாம் அங்கே ஓடுகிறது, ஆனால் அவர் கண் போய் நிற்கிற இடம் ஒன்றே ஒன்று. சோலைமணி செயின்ஸ். அம்பத்தூரில் சைக்கிள் செயின் செய்கிற கம்பெனி. சிவப்பு. நேற்றும் சிவப்பு, போன வாரமும் சிவப்பு, அது பச்சையாக இருந்த நாளை நினைத்துப் பார்த்தால் அன்றைக்கு மழை பெய்ததா வெயிலடித்ததா என்றுகூட ஞாபகமில்லை. அவர் பார்த்துவருவது வேல்யூ ஃபண்டு. அதாவது, ஊர் சீந்தாத பங்கை மலிவாக வாங்கிப் போட்டுவிட்டு, அதன் நிஜ மதிப்பை ஊர் கண்டுகொள்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு காத்துக் கிடக்கிற வேலை. ஊரார் பணத்தை வைத்துக்கொண்டு காத்துக் கிடக்கிற வேலை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அந்த ஃபண்டில் பெரிய பங்கு சோலைமணிதான், பெரிய பள்ளமும் அதுதான். இன்றைக்குப் பார்த்து எவனோ ஒரு மகராசன் புரோக்கர் மூலம் வந்து நிற்கிறான், இருப்பது அத்தனையையும் இந்தக் கடைக்கோடி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று. மார்க்கெட் மூடுகிற வரைக்கும் நிற்பான், நாளைக்கு நிற்க மாட்டான். காலையில் பம்பாயிலிருந்து ஷர்மிளா மேடம், அவருக்கு மேலதிகாரி, திரையில் தோன்றி மெல்லச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “முடிவு உங்களோடதுதான் வேலா. நான் தலையிட மாட்டேன். ஆனா இந்த மாசமும் உங்க ஃபண்டு கடைசி வரிசையில நின்னா, வேற ஃபண்டோட சேர்த்துடறதைத் தவிர போர்டுக்கு வேற வழி தெரியல.” முடிவு உங்களோடதாம்! என்ன மரியாதை, என்ன மரியாதை! விற்றால், இத்தனை வருஷம் காகிதத்தில் மட்டும் இருந்த நஷ்டம் இன்றைக்கு ரத்தமும் சதையுமாக நிஜமாகிவிடும். விற்காவிட்டால் ஃபண்டையே தூக்கி இன்னொருத்தன் கையில் கொடுப்பார்கள், அவன் முதல் வாரமே சோலைமணியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவான். எப்படிப் போனாலும் முடிவு ஒன்றுதான். ஆனால் நடுவில் ஒரு நூலிழை இருக்கிறதே, அதை விட்டுவிட முடியவில்லை. அந்தக் கம்பெனிக்கு அம்பத்தூரில் நிலம் இருக்கிறது. நிலத்தை மட்டும் சேர்மன் விற்றுவிட்டால் பங்கு எங்கேயோ போகும், எல்லார் பணமும் திரும்பி வந்துவிடும், அக்கா பணமும்.

அக்கா பணமும் இதில்தான் கிடக்கிறது. அதை நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவளிடம் ஒரு வார்த்தை பேசினால் தேவலை போலிருக்கிறது. என்ன பேச? ஒன்றுமில்லை, சும்மா, சாப்பிட்டியா என்று. ஆனால் போன் கையில் இல்லை. இந்த அறைக்குள் செல்போன் கூடாது. மார்க்கெட் நடக்கிற நேரத்தில் உள்ளே இருக்கிறவன் வெளியே இருக்கிறவனுக்குச் சேதி சொல்லிவிடக் கூடாதே! வாசலிலேயே சின்னச் சின்ன இரும்புப் பெட்டிகள், ஆளுக்கொரு சாவி. உள்ளே நுழையும்போது போனைப் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் வர வேண்டும், மணி அடித்து மார்க்கெட் மூடினால்தான் எடுக்கலாம். உள்ளே மேஜைப் போனில் பேசுகிறதெல்லாம் பதிவாகும். ஜெரால்டு தும்மினால் ‘நூறு’ என்று சொல்லக்கூட அவருக்குப் பயம்தான், நாளைக்கு எந்த அதிகாரியாவது கேட்டுவிட்டு எந்தப் பங்கு நூறு என்று நோட்டீஸ் விட்டால்? சண்முகவடிவு அக்கா பாளையங்கோட்டையில் தனியாக இருக்கிறாள். அத்தான் கரண்டு ஆபீஸில் இருந்தார், ரிட்டயரானதும் வீடு கட்ட வேண்டும் என்று வி.எம்.சத்திரம் பக்கம் மனை வாங்கிப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்ப் புல் வெட்டிவிட்டு வருவார். வீடு கட்டவில்லை, மாரடைப்பு வந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, மனை சும்மாதானே கெடக்கு, அதைக் குடுத்துட்டு என் ஃபண்டுல போடுக்கா என்று சொன்னவர் வேறு யாருமில்லை, இந்த வேலாயுதபெருமாள்தான். அக்கா மனையை விற்ற அன்றைக்குப் பத்திர ஆபீஸ் வாசலில் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டாள். “ஏல, ஷேருன்னா சூதாட்டம்லா?” என்று அப்புறம் கேட்டாள். அவர் சிரித்தார். அப்போதெல்லாம் சிரிப்பு நன்றாக வரும். “டவுன்ல சேலைக்கடையில ஆடித் தள்ளுபடி போட்டா என்ன செய்வ? ஐயையோ, வெல கொறஞ்சு போச்சேன்னு கடைய விட்டு ஓடியா வருவ? இன்னும் ரெண்டு சேத்துல்லா எடுப்ப? அதுதாங்க்கா நான் செய்யுற வேல.” அத்தான் போன பிறகு அக்கா முதல்தடவையாகச் சிரித்தது அப்போதுதான். சிரித்துவிட்டுச் சொன்னாள்: “சாயம் போற சேலையையும் சேத்துத்தாம்ல தள்ளுபடில போடுவான்.” அவர் விடுவாரா? “சாயம் போவாததாப் பாத்து எடுக்கத்தான் நான் இருக்கேம்லா!” இந்த ஆடித் தள்ளுபடிக் கதையை அப்புறம் அவர் சொல்லாத ஊர் கிடையாது. மதுரையில் ஏஜென்டுகள் கூட்டத்தில் சொன்னார், சேலத்தில் சொன்னார், கைதட்டினார்கள். சாயம் போகிற சேலையைப் பற்றி மட்டும் எந்த ஊரிலும் அவர் வாய் திறக்கவில்லை.

நல்ல காலமும் இருந்தது, இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். எவனும் தொடாத டயர் கம்பெனியை வாங்கினார், ஏறியது. கப்பல் உடைக்கிறவனை வாங்கினார், சிரித்தார்கள், அதுவும் ஏறியது. ஃபண்டுகளுக்கு நட்சத்திரம் கொடுத்து வரிசைப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் இவர் ஃபண்டுக்கு மேலே இனி இடமில்லை என்கிற அளவுக்குக் கொடுத்தார்கள். அப்புறம் காற்று மாறியது. லாபம் என்றால் என்னவென்றே தெரியாத கம்பெனியெல்லாம் றெக்கை கட்டிப் பறந்தது. சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிறவன், சாமான் கொண்டுவந்து கொடுக்கிறவன், நாளைக்குக் கொடுக்கப் போகிறேன் என்று வாயால் சொன்னவன், எல்லாம் ஏறியது, மொத்த மார்க்கெட்டையும் அளக்கிற இண்டெக்ஸும் ஏறியது, இவருடைய பழைய இரும்பும் செயினும் சிமெண்டும் போட்டது போட்டபடி கிடந்தன. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக நட்சத்திரம் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. ஒவ்வொரு மாதமும் ஷர்மிளா மேடம் ஒரு படம் போட்டுக் காட்டுவாள், இண்டெக்ஸ் ஒரு கோடு, அவர் ஒரு கோடு. கோடுகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளியைப் பார்த்துக்கொண்டே, பொறுத்தார் பூமியாள்வார் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வார். எவ்வளவு பொறுப்பது என்று பழமொழி சொல்லவில்லையே! இதில் ஒரு வியாதி இருக்கிறது, வேல்யூக்காரர்களுக்கு மட்டும் வருகிற வியாதி. மற்றவன் வாங்கின பங்கு இறங்கினால் அவன், தப்புப் பண்ணிவிட்டோமோ என்று பதறுவான். இவருக்கு இறங்கினால் குஷி. மலிவாகக் கிடைத்ததே இன்னும் மலிவாகக் கிடைக்கிறதே என்று இன்னும் வாங்குவார். ஆவரேஜ் பண்ணுவது என்று அதற்குப் பேர். அது இறங்க இறங்க இவர் வாங்க, இவர் வாங்க வாங்க அது இறங்க, கடைசியில் அந்தக் கம்பெனியைக் கட்டிக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கின மாதிரி ஆகிவிட்டது. தான் நினைத்தது தப்பு என்று ஒருத்தனுக்கு எப்படித்தான் தெரிய வேண்டும்? விலை இறங்கினால் தெரிய வேண்டும். ஆனால் விலை இறங்குவதுதான் அவர் நினைத்தது சரி என்பதற்கு அடையாளமாகவும் இருக்கிறது. இந்த இடத்துக்கு வந்ததும் அவருக்குத் தலை சுற்றும். ராத்திரி படுக்கையில் கிடந்து, சரியாக இருந்தாலும் இறங்கும், தப்பாக இருந்தாலும் இறங்கும், அப்படியானால் எது, எது என்று புரளுவார், விடிந்தால் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்து இன்னும் கொஞ்சம் வாங்குவார். ஜெரால்டு புதினா மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக் கடிக்கிறான். கடுக்கென்று சத்தம். “சார், புரோக்கர் லைன்லதான் இருக்கான். இன்னும் ஆள் நிக்கிறாரான்னு கேட்டேன். நிக்கிறாராம்.” நிற்கட்டும். நிற்கிறவனுக்கு என்ன, கால் வலித்தால் போவான். ஆனால் ஏன் நிற்கிறான்? எல்லாரும் விட்டு ஓடுகிறதை வாங்க நிற்கிறான் என்றால் அவனும் நம்மைப் போல ஒருத்தனா? அவனுக்கும் ஒரு அக்கா இருக்கிறாளா? அல்லது நிலத்தைப் பற்றி ஏதாவது தெரிந்துகொண்டானா? இதை நினைத்ததும் தொண்டையில் நின்ற எலுமிச்சம்பழச் சாதம் ஒரு இஞ்ச் மேலே வந்தது. தெரிந்தவன் வாங்குகிறான், தெரியாதவன் விற்கிறான் என்பதுதானே இந்தத் தொழிலில் முதல் பாடம். விற்கக் கூடாது. கண்டிப்பாக விற்கக் கூடாது. நிலம் இருக்கிறது. அவர் கண்ணால் பார்த்த நிலம், காலால் நடந்த நிலம்.

நடந்தாரே! ஷூவைக் கழற்றிவிட்டு நடந்தார். பங்கு வாங்குவதற்கு முன்னால் கம்பெனிக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவர் வைத்திருக்கிற நியமம். மற்றவர்கள் எல்லாம் ஏசி அறையில் உட்கார்ந்து பாலன்ஸ் ஷீட்டைப் புரட்டுவார்கள், இவர் வாசலில் லாரி நிற்கிறதா, கேண்டீனில் சாம்பார் தண்ணீராக இருக்கிறதா, வாட்ச்மேனுக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பார். அதில் ஒரு பெருமை. சோலைமணி செயின்ஸுக்குப் போன அன்றைக்கு சேர்மன் சந்திரகாசனே வாசல் வரை வந்து கூட்டிக்கொண்டு போனார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பேச்சில் ஒரு பணிவு. ஷெட்டுக்குள்ளே எண்ணெய் வாடை, சுட்ட இரும்பு வாடை, செயின் கண்ணிகள் மண்ணெண்ணெயில் கழுவப்பட்டுக் குவியல் குவியலாகப் பளபளத்தன. எல்லாம் காட்டிவிட்டு, “ஒரு நிமிஷம் அப்பாவைப் பாத்துட்டுப் போயிரலாமா சார்?” என்றார். வயசான அப்பா எங்கேயோ அறையில் இருப்பார் என்று நினைத்து வேலாயுதபெருமாள் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஷெட்டைத் தாண்டி வெளியே நடந்தார்கள். நடந்தார்கள், நடந்தார்கள், வேப்ப மரமும் கருவேலமுமாக ஒரு பெரிய வெளி, அது முடிகிற பாடாக இல்லை. நடுவிலே ஒரு சமாதி. கம்பெனியை ஆரம்பித்த சோலைமணியை அங்கேதான் அடக்கம் பண்ணியிருந்தார்கள். கறுப்புக் கல் மேடை, தலைமாட்டில் விளக்கு, சுற்றிலும் மாலை மாலையாகச் சைக்கிள் செயின்! “புது மெஷின் வந்தா அதுல வர்ற முதல் செயின் அப்பாவுக்குத்தான்,” என்றார் சேர்மன். “தினம் காலையில இங்க வந்து நின்னுட்டுத்தான் ரூமுக்கே போவேன். அப்பா இங்கயேதான் இருக்கார் சார், எங்கயும் போகல.” செருப்பைக் கழற்றிவிட்டு ஒருமுறை சுற்றி வந்தார், இவரும் ஷூவைக் கழற்றிச் சுற்றி வந்தார். யாரோ ஒரு தொழிலாளி கையில் கொடுத்த சாமந்தியை இவரும் போட்டுக் கும்பிட்டார். கண் கலங்கிவிட்டது, உள்ளபடியே கலங்கிவிட்டது. என்ன குடும்பம், என்ன பக்தி! இப்படிப்பட்டவன் கணக்கில் கள்ளம் பண்ணுவானா என்று நினைத்தார். நினைத்தது சரிதான், இன்றுவரை சந்திரகாசன் ஒரு பைசா கள்ளம் பண்ணவில்லை. திரும்பி வரும்போது காரில் உட்கார்ந்து, அந்தச் சமாதி வரைக்கும் நடந்த தூரத்தை வைத்துத்தான் நிலம் எவ்வளவு இருக்கும் என்று மனக்கணக்குப் போட்டார். கம்பெனிக் கணக்குப் புத்தகத்தில் அது என்றைக்கோ வாங்கின அடிமாட்டு விலைக்கே எழுதியிருக்கிறது, இன்றைக்கு அம்பத்தூரில் விலை என்ன! செயின் வியாபாரம் மொத்தமாகப் படுத்தாலும் நிலம் காப்பாற்றும், போட்ட பணம் எங்கேயும் போகாது. கணக்குப் போடப் போட உடம்பு சிலிர்த்தது. விரலில் சாமந்தி வாசனை இன்னும் இருந்தது.

இங்கேதான் ஏதோ இடறுகிறது. சாமந்தி வாசனையில் இடறுகிறது. இந்தப் பங்கை வாங்க அனுமதி கேட்டு ஆபீஸ் கமிட்டி முன்னால் நின்று பேசியது ஞாபகம் வருகிறது. முதலில் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார், சமாதியைப் பற்றி உருகி உருகிச் சொன்னார், ஷர்மிளா மேடம்கூட ‘ஹவ் ஸ்வீட்’ என்றாள். அப்புறம் மூச்சு விட்டுவிட்டு, நிலத்தின் மதிப்பைச் சொன்னார். இரண்டையும் ஒரே வாய்தான் சொன்னது. ஒரே கூட்டத்தில், ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற இடைவெளியில் சொன்னது. அட கூறுகெட்டவனே! அப்பா படுத்திருக்கிற நிலத்தை எந்த மகன் விற்பான்? தினம் காலையில் போய் நிற்கிறவன் விற்பானா? செயினை மாலையாகப் போடுகிறவன் விற்பானா? இது ஒரு கேள்வியா? பாளையங்கோட்டைப் பஸ் ஸ்டாண்டில் கடலை விற்கிறவனைக் கேட்டால்கூடச் சொல்லுவானே! கும்பிட்ட கையாலேயே விலை போட்டிருக்கிறாரே, இந்த மனுஷனை என்ன செய்வது? இத்தனை வருஷம் காத்திருந்தது விற்பனைக்கே வராத ஒரு சாமானுக்கு. உடனே மனசு வக்காலத்து வாங்க வருகிறது, எப்போதும் வரும். சமாதியை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றியுள்ளதை விற்கலாமே? நடுவிலே இருக்கிறதே, எப்படி விற்பது? சேர்மனுடைய மகன் அமெரிக்காவில் இருக்கிறான், அவன் கைக்கு வந்தால் விற்றுவிட மாட்டானா? வரும்போது வரட்டும், சந்திரகாசன் காலையும் மாலையும் நடை போகிறார், கல்லுக்குண்டாட்டம் இருக்கிறார். இங்கே வந்து மனசு நின்றது. நின்று, திரும்பிப் போய்விடலாம் என்று பார்த்தது, முடியவில்லை. போன வருஷம் சந்திரகாசன் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்ததாகப் பேப்பரில் வந்ததே. அதைப் படித்தபோது வேலாயுதபெருமாளுக்கு ஒரு சந்தோஷம் வந்ததே. சின்னச் சந்தோஷம்தான், ஒரு கண நேரம்தான், ஆனால் வந்தது. அன்றைக்குக் கடைசித் தடவையாக ஆவரேஜ் பண்ணினாரே. நல்ல மனுஷன், வாசல் வரை வந்து கூட்டிக்கொண்டு போன மனுஷன், அவர் எப்போது சாவார் என்று காத்திருந்த ஃபண்டு இது. அதற்கு வேல்யூ என்று பேர். அவமானத்தில் காது மடல் கொதித்தது. அந்த அறைக் குளிரில் அவர் உடம்பில் சூடாக இருந்தது அது ஒன்றுதான். அக்காவின் மனையை ஒரு வார்த்தையில் விற்க வைத்தாரே! அத்தான் ஞாயிற்றுக்கிழமை தோறும் புல் வெட்டின மனை, அவளுக்கு அது சமாதி இல்லையா? அவள் கொடுத்தாள். தம்பி சொன்னான் என்று கொடுத்தாள். அந்தப் பணத்தைக் கொண்டுபோய், யாரும் கொடுக்காத நிலத்தின் மேல் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். “சார்,” என்றான் ஜெரால்டு. அவன் குரல் மெதுவாக இருந்தது, நோயாளியிடம் பேசுகிற குரல். “மார்க்கெட்ட மூடப் போறான் சார். நீங்க சொன்னாச் சரி, சொல்லாட்டியும் சரி. நான் புரோக்கருக்கு ஏதாவது ஒரு பதில் சொல்லணும்.” என்ன பதில்? திரையில் சோலைமணி இன்னும் ஒரு பைசா இறங்கியது. பழக்க தோஷம், மலிவாகிவிட்டதே என்று ஒரு நொடி உள்ளே ஏதோ துள்ளியது. அந்தத் துள்ளலைப் பார்த்துத்தான் அவருக்குப் பயம் வந்தது. இனி இந்த உடம்பு திருந்தாது, இது சாகிற வரைக்கும் இறங்கினால் துள்ளும். “குடுத்துரு,” என்றார். “என்ன சார்?” “வித்துரு. அம்புட்டையும் குடுத்துரு.” ஜெரால்டு போனில் நாலு வார்த்தை சொன்னான், விசையை இரண்டு தட்டுத் தட்டினான். “முடிஞ்சிருச்சு சார்,” என்றான். இடி விழும் என்று நினைத்தவர் போல அவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் விழவில்லை. திரையில் எண்கள் இன்னும் கொஞ்ச நேரம் மினுங்கிவிட்டு, மணி அடித்ததும் அப்படி அப்படியே நின்றுவிட்டன.

எழுந்து வாசலுக்கு வந்து சாவியைப் போட்டுப் பெட்டியைத் திறந்தார். போன் சில்லென்றிருந்தது. அக்கா கூப்பிட்டிருக்கிறாள், ஒரு தடவை இல்லை, பல தடவை. உடம்புக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று அங்கேயே நின்றபடி கூப்பிட்டார்.

“ஏல, எங்க போன? நாலு தரம் அடிச்சுட்டேன்.”

“வேலையா இருந்தேங்க்கா. போன் வெளிய கெடந்துச்சு. என்ன, உடம்புக்கு எப்பிடி இருக்கு?”

“எனக்கென்ன, குத்துக்கல்லு கணக்கா இருக்கேன். ஒண்ணுமில்ல, அந்த ஏஜென்ட் பையன் வந்திருந்தான். ‘எம்மா, உங்க தம்பி ஃபண்டு ரொம்ப எறங்கிட்டு, எடுத்துருவமா?’ன்னு கேக்கான். எனக்குச் சிரிப்பாணி வந்துட்டு. ஏல, ஆடித் தள்ளுபடி போட்டா கடைய விட்டு ஓடுவாவளா, ரெண்டு சேத்து எடுப்பாவளான்னு கேட்டேன். அவன் முழிச்சான்.” அக்கா சிரித்தாள். மூச்சு வாங்கியது. “அதாம்ல, பேங்க்ல கெடந்ததையும் எடுத்து ஒன் ஃபண்டுலயே போட்டுட்டேன். ஒன்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடுவோம்னுதான் அடிச்சுக்கிட்டே இருந்தேன். நீ எடுக்கல. சரி, இதுல கேக்க என்ன இருக்கு, எந்தம்பி சொல்லிக் குடுத்ததுதானன்னு கையெழுத்தப் போட்டுட்டேன்.”

“பேங்க்ல கெடந்ததுன்னா... எந்தப் பணம்க்கா?”

“என் காரியத்துக்குன்னு தனியா வச்சிருந்தம்லா, ஒங்க யாருக்கும் செலவு வச்சுரப்புடாதுன்னு? அதுதான். இப்ப அதுக்கு என்ன அவசரம்? நான் என்ன நாளைக்கேவா போவப் போறேன்? கெடக்கட்டும், வளரட்டும்.”

அவர் வாயைத் திறந்தார். சற்றுமுன் என்ன விற்றேன் என்று சொல்லக் கூடாது, சட்டம். மாதக் கடைசியில் உலகத்துக்கே சொல்லும்போதுதான் அவளுக்கும் தெரிய வேண்டும். ஆனால் சாயம் போகும்க்கா என்று சொல்லலாமே, அதற்குச் சட்டம் ஒன்றுமில்லையே. அந்த இரண்டு வார்த்தை வாய்க்குள் வந்து நின்றது. இத்தனை வருஷம் எந்த ஊரிலும் சொல்லாத வார்த்தை. இன்றைக்கு மட்டும் எங்கிருந்து வரும்? அவள் மறுமுனையில், நல்லா செஞ்சேனா என்று கேட்காமல் கேட்டுக்கொண்டு இருந்தாள்.

“நல்லதுக்கா,” என்றார்.

“கேட்டியா! எனக்குத் தெரியும்லா,” என்றாள் அக்கா. “சாப்ட்டியா?”

“சாப்ட்டேன்.”

“வச்சிரட்டா?”

“சரிக்கா.”

உள்ளே ஜெரால்டு திரைகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தான். வேலாயுதபெருமாள் போனைத் திரும்ப அந்த இரும்புப் பெட்டிக்குள்ளேயே வைத்து, கதவைச் சாத்தி, சாவியைத் திருகினார். மார்க்கெட் மூடிய பிறகு யாரும் அதைப் பூட்டுவதில்லை.